சுந்தரபாண்டியபுரத்து வீட்டுப் பட்டறைகளில் முட்டுக் கொடுக்கும் மரபும் எஞ்சிநிற்கும் காந்தமும்: ஒரு முன்னோட்ட ஆய்வுக்கு முன்னுரை

பாயிரம்

தென்காசிக்கும் சுரண்டைக்கும் நடுவே இருக்கும் சுந்தரபாண்டியபுரத்தைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் சூரியகாந்தியைப் பற்றியே எழுதிவிட்டுப் போனார்கள். ஆடி பிறந்ததும் கேரளத்துக் கார்கள் வரப்போரம் வரிசை கட்டுவது, பூவுக்கு நடுவே தலையை நீட்டிக்கொண்டு ஆட்கள் படம் எடுப்பது, 1992இல் வந்த ‘ரோஜா’ படத்தின் நாயகி இந்த ஊர்ப் பெண்ணாகக் காட்டப்பட்டது, எல்லாம் தேவைக்கு மேலேயே பதிவாகியிருக்கின்றன. அதே ஊரில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, ஒரு பழைய ராஜ்கோட் லேத்து, ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு வைஸ் இவற்றை வைத்துக்கொண்டு கிணற்று மோட்டார் ஷாஃப்டுகளை மறுபடி ஓடவைக்கிறவர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. இதற்கு ‘ஆய்வு இடைவெளி’ என்று பெயர். இடைவெளி கண்டால் நிரப்பியே ஆக வேண்டும் என்பது உயர்கல்வியின் முதல் விதி. அந்த இடைவெளி அத்தனை நாள் ஏன் சும்மா கிடந்தது என்று கேட்கச் சொல்லி விதி எதுவும் இல்லை.

ஆய்வுக் களம்: கொட்டகை. ஆய்வுக் காலம்: காலை டீ முடிந்ததிலிருந்து கரண்ட் போகும்வரை. தகவலாளர்: அண்ணாச்சி. ஆய்வு அறம் கருதி அவர் பெயரைச் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தில் எல்லாருமே அண்ணாச்சி என்பதால் யாரும் கண்டுபிடிக்கவும் முடியாது.

முட்டு

முட்டாவது யாதோ எனின், வேலைக்கு எடுத்த இரும்பு ஆடாமல் நிற்கும்பொருட்டு அதன் கீழோ பக்கத்திலோ கொடுக்கப்படும் பிறிதொன்று. அது ஒன்பது வகைப்படும் என்பர் ஒரு சாரார் (பட்டறை வடக்குச் சுவர், சாக்பீஸ்). ஏழே என்பர் மற்றொரு சாரார் (தெற்குச் சுவர், சாக்பீஸ், பாதி அழிந்தது). அழிந்த பாதியில் மீதி இரண்டும் இருந்திருக்கலாம் என்பது என் துணிபு. இதை எனக்கு முன் யாரும் சொன்னதில்லை, இனியும் சொல்லப்போவதில்லை.

வி-பிளாக்: உருண்டையானது உருளாமல் இருக்க. ஆங்கிள் பிளேட்: படுத்தே பழகியதை நிறுத்தி வைக்க. ஸ்டெடி: நீள ஷாஃப்டை லேத்தில் கட்டினால் நடுவில் தொய்ந்து சாட்டை மாதிரி அடிக்கும், அங்கே மூன்று விரலால் பிடித்துக்கொள்ள. ஜாக்கி: திருகினால் ஏறும், மறந்தால் இறங்கும். ஆப்பு பற்றி எழுத வேண்டியதை ஆப்பு வாங்கியவர்கள் எழுதட்டும்.

முட்டுக்கட்டை தனி நூலுக்கு உரியது. திருநெல்வேலியில் ஆனித் தேர் ஓடும்போது, அவ்வளவு பெரிய தேரைக் கையளவுக் கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்துத் திருப்புகிறவர்களை எண்ணினால், மெஷின் ஷாப்பில் நாம் செய்வது பிள்ளை விளையாட்டு. மாணவரின் ஆய்வேட்டுக்கு நெறியாளர் போடுவதும் முட்டுக்கட்டை என்றே வழங்கப்படுகிறது. ஆனால் தேர் அதே ஆண்டில் நிலைக்கு வந்துவிடுவதால் இரண்டையும் ஒப்பிட முடியவில்லை.

இனி ஷிம். இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தால் அங்கே செருகும் தகடு ஷிம் எனப்படும். கடையில் அளவு போட்டு விற்கிறார்கள். யாரும் வாங்கிப் பார்த்ததில்லை. சவர பிளேடு இருக்கும்போது எதற்கு? இருபுறமும் கூர் உள்ள சாதா பிளேடின் கனம் 0.1 மில்லிமீட்டர். அதைவிடக் குறைவாக வேண்டுமானால் செய்தித்தாள். இன்னும் குறைவாக வேண்டுமானால், பீடி சுற்றாத தெரு இல்லாத தென்காசிப் பக்கத்தில், பீடிக்கட்டு லேபிள். அவசரத்துக்குச் சட்டைப்பையில் இருக்கும் பஸ் டிக்கெட். டிக்கெட்டை மடித்து வைப்பதா ஒற்றையாக வைப்பதா என்பதில் பட்டறைக்குப் பட்டறை பாட பேதம் உண்டு (டீக்கடை, இரண்டாவது பெஞ்சு, மழைக்கு ஒதுங்கியோர் வாய்மொழி). மடித்தது அமுங்கும் என்று ஒற்றைக் கட்சியார் கூறுவது சரியே. ஆயினும் நாங்கள் எதற்கும் அமுங்க மாட்டோம் என்று மடிப்புக் கட்சியார் சொன்னதை நான் நேரில் கேட்டேன்.

இவ்விடத்தில் ரசிகமணி டி.கே.சி.யை நினைக்காமல் மேலே போக முடியவில்லை. குற்றாலத்தில் இருந்துகொண்டு அவர் கம்பனிலிருந்து இடைச்செருகல் என்று தமக்குப் பட்டதையெல்லாம் உருவி வெளியே போட்டார், பண்டிதர்கள் கொதித்தார்கள். அங்கிருந்து தென்காசியில் பஸ் மாறி ஏறி வந்தால் இவர்கள் இடைச்செருகியே பிழைக்கிறார்கள். உருவினால் தெரியும் சங்கதி.

அண்ணாச்சியின் டிரில்லிங் மெஷினுக்கு நான்கு கால். தரை மூன்று காலுக்குத்தான் சமம். நான்காவதுக்கு அடியில் கெட்டி அட்டை போட்ட முனைவர் பட்ட ஆய்வேடு ஒன்று இருக்கிறது. பழைய புத்தகக் கட்டோடு எடைக்கு வந்ததாம். அதன் தலைப்பு, பொருள், முடிவு ஆகியவற்றை அறிய முயன்றேன். எடுத்தால் மெஷின் ஆடும் என்பதால் அண்ணாச்சி விடவில்லை. ஆகவே அது இக்கட்டுரையில் படிக்கப்படாமலே மேற்கோள் காட்டப்படுகிறது (மேற்படி ஆய்வேடு, பக்கம் தெரியவில்லை, மெஷினின் தென்கிழக்குக் கால்). துறையின் வழக்கத்துக்கு இது மாறானதன்று. முட்டு என்ற வகையில் அதன் தகுதி சுமார்தான்: பக்கம் அதிகம், உள்ளே காற்றும் அதிகம், வருஷா வருஷம் கொஞ்சம் இறங்குகிறது.

பாரலல்

மேற்சொன்ன எல்லாமும் இந்த ஒன்றுக்காகச் சொல்லப்பட்டன.

வைஸின் தாடைக்குள் வேலைக்கு எடுத்த இரும்பை, பட்டறை வழக்கில் ஜாப்பை, குட்டையாக இருக்கும்போது வைத்தால் உள்ளே அமிழ்ந்துவிடும். அதைத் தூக்கி நிறுத்த, அடியில் இரண்டு எஃகுப் பட்டைகளை வைப்பார்கள். இவற்றுக்குப் பட்டறையில் பாரலல் என்று பெயர். பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்துக் கெட்டிப்படுத்தி, இரண்டையும் ஒரே நேரத்தில் ஒன்றாக வைத்துக் கிரைண்டிங் செய்திருப்பார்கள். அதனால் இரண்டும் ஒரே உயரம். ஒரு ஜோடியில் ஒன்று தொலைந்தால் மற்றதால் பயனில்லை; வேறு ஜோடியின் ஒன்றோடு சேர்த்தால் குடும்பம் ஆடும்.

சோதனை இப்படி. ஒவ்வொரு பாரலலுக்கும் ஜாப்புக்கும் நடுவே மெல்லிய தாள் துண்டு ஒன்றைக் கொடு. வைஸை இறுக்கு. இறுக்கும்போது நகரும் தாடை ஜாப்பை இம்மி தூக்கிவிடும். பித்தளைச் சுத்தியலால் மேலே ஒரு தட்டு. இப்போது தாளை இழு. இரண்டும் வராமல் கிழிந்தால் ஜாப்பு உட்கார்ந்துவிட்டது. ஒன்று கிழிந்து மற்றது வழுக்கிக்கொண்டு வந்தால் ஒரு பக்கம் தூக்கியிருக்கிறது. அண்ணாச்சி இழுக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறார். தாள் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பது விரலுக்குத் தெரியும், கண் திறந்திருந்தால் விரல் சோம்பேறியாகிவிடும் என்கிறார்.

ஒரு நாள் தாள் வழுக்கியது. துடைத்து வைத்தார். மறுபடி வழுக்கியது. டயலை வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் ரெண்டு கோடு ஏற்றம். பாரலலைத் திருப்பி வெளிச்சத்தில் காட்டினார். அடி விளிம்பில் இரும்புத் தூள் மீசை மாதிரி சிலிர்த்துக்கொண்டு நின்றது. துணியால் துடைத்தால் துணிக்குப் போய்விட்டு விளிம்புக்கே திரும்பி வந்தது.

“காந்தம் ஏறிட்டு வே,” என்றார்.

“எப்படி அண்ணாச்சி ஏறும்?”

“எப்படி ஏறும்னா? உம்ம மருமவன் வந்து டிராயர்ல ஸ்பீக்கர் காந்தத்தப் போட்டுட்டுப் போயிருக்கான்லா.”

எஞ்சிநிற்கும் காந்தம்

ஒரு காரணம் கிடைத்துவிட்டது என்பதற்காக ஆய்வை நிறுத்த முடியாது. பிற காரணங்களும் ஆராயத்தக்கன.

டயல் ஸ்டாண்டின் காந்த அடிப்பாகம் ஒன்று. பாரலலைக் கிரைண்டிங் செய்த காந்தச் சக் மற்றொன்று. அங்கே கழற்றிக் காந்தம் நீக்காமல் அனுப்பினால் பிறக்கும்போதே ஏறிய குணம். வெல்டிங் மூன்றாவது. பழைய டிரான்ஸ்ஃபார்மர் வெல்டிங் செட் மாறுமின்னோட்டம். இப்போது கையில் தூக்கிக்கொண்டு போகும் இன்வெர்ட்டர் செட் நேர்மின்னோட்டம். அதன் எர்த் கிளாம்பை எதில் கடிக்க விட்டாலும் அந்த இரும்பு வழியே ஒரே திசையில் ஓடி, போகிற போக்கில் காந்தத்தை விட்டுச் செல்லும்.

ஏறியது ஏன் இறங்குவதில்லை? சாதா மைல்டு ஸ்டீல் சீக்கிரம் மறந்துவிடும். கெட்டிப்படுத்திய எஃகு மறக்காது. உள்ளே காந்தத் திசைகள் திரும்பிப் போக இடமில்லாமல் சிக்கிக்கொள்கின்றன. பாரலல் எவ்வளவு தரமோ அவ்வளவுக்குப் பிடிவாதம். 1880களின் தொடக்கத்தில் ஜப்பானில் வாத்தியாராக இருந்த எவிங் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இந்தப் பின்தங்கலை அளந்து பெயரும் வைத்தார். இரும்பை 770 டிகிரி செல்சியஸுக்குக் காய்ச்சினால் எல்லாம் மறந்துவிடும் என்பது உண்மை. கூடவே கெட்டித்தன்மையும் போய்விடும் என்பதால், தலைவலிக்குத் தலையை எடுக்கும் அந்த வைத்தியத்தை இங்கே விரிக்கவில்லை.

நான்காவது காரணம் பூமி. கில்பர்ட் என்ற ஆங்கில வைத்தியர் 1600இல் லத்தீனில் எழுதிய காந்த நூலில் ஒரு கொல்லர் படம் உண்டு: இரும்பை வடக்கு தெற்காகப் போட்டு அடிக்கிறார், அடிக்க அடிக்க அதில் காந்தம் ஏறுகிறது. சீமைப் பட்டறைப் புத்தகத்தைப் படித்த ஒருவர் என்னிடம், கம்பியைச் செங்குத்தாகச் சாய்த்து வைத்தாலே காந்தம் ஏறும், ஆகவே எல்லாவற்றையும் படுக்கப் போடும் என்று உபதேசித்தார். லண்டனில் அது சரி. அங்கே காந்த ஊசியைத் தொங்கவிட்டால் வடமுனை 66 டிகிரி தரையை நோக்கிக் குத்தும்; பூமியின் காந்தம் பெரும்பாலும் மேலிருந்து கீழாக ஓடுகிறது. நம் ஊரோ காந்த நடுக்கோட்டை ஒட்டியது. ஊசி ஏறக்குறைய மட்டமாக நிற்கும். கிடைமட்டத்தில் மட்டும் சுமார் 40 மைக்ரோடெஸ்லா, லண்டனைப் போல இரு மடங்கு. எனவே இங்கே நிற்கிற கம்பிக்கு ஒன்றும் ஆகாது. வடக்கு தெற்காகப் படுத்த கம்பிக்குத்தான் ஆபத்து. அந்த உபதேசத்தை அப்படியே கேட்ட பட்டறைக்காரர் காந்தத்துக்குப் பாய் விரித்துக் கொடுக்கிறார்.

வடக்கே தலைவைத்துப் படுக்காதே என்ற முதுமொழிக்கு இது அறிவியல் சான்று என்று இந்நேரம் யாரோ கைப்பேசியில் அனுப்ப ஆரம்பித்திருப்பார்கள். லேத்தின் ஹெட்ஸ்டாக் வடக்கே இருக்கலாகாது, இருந்தால் ஷாஃப்டு கெட்ட கனவு காணும் என்பதையும் சேர்த்து அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். முன்னோர்கள் முட்டாள்கள் அல்லர். அவர்கள் பெயரில் எழுதுகிறவர்களைப் பற்றி அந்த வாக்கியம் எதுவும் சொல்வதில்லை.

அகத்தியர் ஒருவரா, இருவரா

இங்கேதான் இவ்வாய்வின் உயிர்.

கைலையில் சிவன் கல்யாணம். மூவுலகமும் அங்கே திரண்டதால் வடக்கு தாழ்ந்தது, தெற்கு உயர்ந்தது. சமன் செய்ய அகத்தியர் அனுப்பப்பட்டார், பொதிகைக்கு வந்தார், பூமி மட்டமானது. இதை இதுவரை இலக்கண ஆசிரியர்கள் இலக்கணமாகவும், சமயத்தார் சமயமாகவும், மானிடவியலார் இடப்பெயர்ச்சியாகவும் பார்த்தார்கள். பட்டறையில் நின்று யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒரு நொடியில் விளங்கியிருக்கும்: ஜாப்பு ஒரு பக்கம் தூக்கியிருக்கிறது, மட்டத்துக்கு ஒரு பேக்கிங் பீஸ் வேண்டும். அவர் குறுமுனி என்பதை நோக்குக. உயரமான முனிவர் பலர் சும்மா இருக்க, குட்டையானவரைத் தேடிப் பிடித்து அனுப்பியது ஏன்? கனம் பார்த்து எடுத்திருக்கிறார்கள். குற்றாலத்துத் தல புராணம் இன்னும் தெளிவு. அங்கே நின்ற கோலத்தில் இருந்த திருமாலின் தலையில் கைவைத்து அழுத்திச் சிவலிங்கமாகக் குறுக்கினார் அகத்தியர். மேலிருந்து கீழாக ஒரே அழுத்து, விரல் பட்ட தழும்போடு. கிளாம்பிங் வேலையும் அவருக்குத் தெரியும்.

இதற்குக் கருவிச் சான்றும் உண்டு. வடக்கு தாழ்ந்தது என்பதை மேலை நாட்டுக் காந்த ஊசிகள் இன்றும் ஒப்புக்கொள்கின்றன. அங்கே அவற்றின் வடமுனை கீழே சாய்கிறது. பொதிகையை ஒட்டித்தான் ஊசி மட்டமாகிறது. அகத்தியர் மட்டம் பார்த்துத்தான் வைத்திருக்கிறார். இதைச் சரிபார்க்கவோ என்னவோ, திருவிதாங்கூர் மகாராஜாவின் சம்பளத்தில் 1852 முதல் 1865 வரை திருவனந்தபுரம் வானாய்வகத்தை நடத்திய ஜான் ஆலன் பிரௌன், 1868 மீட்டர் உயர அகத்தியமலை மீதே 1855இல் காந்த ஆய்வகம் ஒன்றை நிறுவினார். அளவுகளைத் தொகுத்து 1874இல் லண்டனில் அச்சிட்டார். அகத்தியரின் தலைமேல் ஏறி நின்று காந்தம் அளந்தவர், அகத்தியருக்குக் காந்தம் ஏறியிருக்கிறதா என்று பார்க்காமல் விட்டது துறையின் துரதிர்ஷ்டம். பின்னால் வந்தவர்களும் இந்தக் கோட்டை விடவில்லை. தும்பாவிலிருந்து 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் விட்டார்கள்; காந்த நடுக்கோடு பக்கத்தில் இருப்பதால்தான் அந்தக் கடற்கரையைத் தேர்ந்தெடுத்தார்கள். திருநெல்வேலிக்குப் பக்கத்துக் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் இதற்கென்றே ஆய்வகம் வைத்திருக்கிறது. இந்த நிறுவனத்தின் மூதாதை பம்பாய்க் கொலாபா ஆய்வகம். மின்சார டிராம் வந்தால் ஊசி கெட்டுவிடும் என்று அஞ்சி, 1904இல் அலிபாக்கில் புதிய இடம் பார்த்தார்கள். அண்ணாச்சியின் டிராயரில் ஸ்பீக்கர் காந்தம் விழுந்த கதைதான், கொஞ்சம் பெரிய அளவில்.

காந்த நடுக்கோடு நின்ற இடத்தில் நிற்பதில்லை, ஆண்டுக்காண்டு மெல்ல நகர்கிறது என்று மறுப்பாளர் எழுவர். நகரட்டும். எந்த முட்டுதான் நகரவில்லை? ஆய்வேடே இறங்குகிறது.

கடினமான மறுப்பு வேறு. பாரலல் ஒற்றையாக வேலை செய்யாது என்று மேலே நிறுவினோம். ஒற்றை முட்டில் வைத்த ஜாப்பு ஊஞ்சலாடும். அப்படியானால் ஓர் அகத்தியரை மட்டும் வைத்துப் பூமியை எப்படி மட்டமாக்கினார்கள்? இவ்விடத்தில் தமிழறிஞர்களுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். வேதத்து அகத்தியர், தமிழ் இலக்கணத்து அகத்தியர், சித்தர் அகத்தியர் என்று அவர் ஒருவரா பலரா என்று தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொண்டார்கள். காலம் கணித்தார்கள், கணித்ததை மறுத்தார்கள், மறுத்தவரின் காலத்தையும் கணித்தார்கள். ஒருவராவது பாரலல் வாங்கப் போயிருந்தால் கடைக்காரர் சொல்லியிருப்பார்: ஜோடியாகத்தான் தருவோம். ஆக, அகத்தியர் இருவர். ஒரே நேரத்தில் கிரைண்டிங் ஆனவர்கள். ஒரே உயரம். மூன்றாவதாக ஒருவர் இருந்தால் அவர் போலி, அல்லது வேறு ஜோடி (டிரில்லிங் மெஷின், வடமேற்குக் கால், கிரீஸ் டப்பா மூடியில் ஆணியால் கீறியது, மூன்றாம் வரி, முதல் இரண்டு வரிகள் பாக்கிக் கணக்கு).

காந்தம் நீக்கல்

செய்முறை எளிது. பழைய படக்குழாய்க் கலர் டிவி ரிப்பேர் பார்த்தவர்களிடம் கையில் பிடிக்கும் வளையம் ஒன்று இருக்கும். படத்தில் நிறத் திட்டு விழுந்தால் திரைமுன் சுற்றிக் காட்டுவார்கள். உள்ளே செம்புக் கம்பிச் சுற்று, நேரே வீட்டுக் கரண்ட். விநாடிக்கு 50 முறை காந்தம் அப்படியும் இப்படியும் புரளும். பாரலலை அதற்குள் நுழைத்து, கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெதுவாக ஒரு கை நீளம் வெளியே இழுக்க வேண்டும். தூரம் கூடக் கூடப் புரளல் சிறுத்துக்கொண்டே வந்து, கடைசியில் எந்தப் பக்கம் சாய்வதென்று தெரியாமல் இரும்பு ஓய்ந்துவிடும். பதறி வெடுக்கென்று இழுக்கலாகாது. உள்ளே இருக்கும்போது சுவிட்சை அணைக்கவே கூடாது. அந்த நொடியில் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கமே உறைந்து நின்றுவிடும்.

அண்ணாச்சி இரண்டு பாரலலையும் ஒன்றாகச் சேர்த்து வளையத்துக்குள் விட்டார். ஆடிக் காற்று, மேற்கே காற்றாலைகள் எல்லாம் சுழன்றுகொண்டிருந்தன. இவ்வளவு கரண்ட் உற்பத்தியாகும் ஊரில் கரண்ட் போகாது என்று நினைத்ததில் தப்பில்லை. மெதுவாக இழுக்கத் தொடங்கினார்.

கரண்ட் போனது.

வெளியே எடுத்துப் பார்த்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகிவிட்டிருந்தன. கிரைண்டிங் செய்த முகம் முகத்தோடு பொருந்தி, நடுக்கோடு கூடத் தெரியவில்லை. வெளிச்சத்தில் எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் ஒரே பட்டை.

அப்போதுதான் விளங்கியது. அகத்தியர் இருவரே. ஆனால் கைலையிலிருந்து இறங்கி இந்தக் காந்தக் கோட்டில் அத்தனை காலம் கிடந்ததில் காந்தம் ஏறி ஒட்டிக்கொண்டார்கள்; பார்த்தவர்களுக்கு ஒருவராகத் தெரிந்தார்கள். ஒருவர் என்றோரும் பலர் என்றோரும் ஒருங்கே சரி. இரு கட்சியாரும் இவ்வளவு காலம் எழுதியது அனைத்தையும் வீணாக்காமல் முடித்து வைக்கும் இந்தக் கோட்பாட்டை அண்ணாச்சியிடம் உடனே விளக்கினேன். வேதம், இலக்கணம், பிரௌன், கிருஷ்ணாபுரம் வரை ஒன்றுவிடாமல் கேட்டார்.

“அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு வே,” என்றார். “கரண்ட் வாரதுக்குள்ள ரெண்டயும் பிரிச்சுத் தாரும். ஷாஃப்டுக்காரன் நாலு மணிக்கு வந்துருவான்.”